புற்றுநோய் குணமாகுமா?

கேள்வி: புற்றுநோய் வந்துவிட்டால் அவ்வளவுதான் என்கிறார்களே, உண்மையா? – வாசகி, ஜொகூர் பாரு

பதில்: பாதிக் கதை. புற்றுநோய் ஒரே நோயன்று. நூற்றுக்கும் மேற்பட்ட நோய்களுக்கு ஒரே குடும்பப் பெயர். விரைப் புற்றும், குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றின் முக்கிய வகையும் பெரும்பாலும் முற்றாகக் குணமாகின்றன. கணையப் புற்றோ இன்னும் பிடிகொடுக்கவில்லை.

வகையைப் போலவே கட்டமும் முக்கியம். 2018இல் வெளியான மலேசிய ஆய்வின்படி, மார்பகப் புற்று முதல் கட்டத்தில் தெரிந்தவர்களில் சுமார் 87 விழுக்காட்டினர் ஐந்தாண்டு கடந்தும் வாழ்ந்தனர். நான்காம் கட்டத்தில் சுமார் 23 விழுக்காட்டினரே. அதே மார்பகம், அதே நோய். மாறியது கண்டுபிடித்த நேரம் மட்டும். மலேசியாவில் பாதிக்கும் மேற்பட்ட புற்றுகள் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் தெரியவருகின்றன என்பதே பெருந்துயரம். கட்டியை இலைச்சாற்றால் கரைக்கப் பார்க்கும் மாதங்களில் நோய் காத்திருப்பதில்லை.

ஜொகூர்க்காரர்கள் கதிர்வீச்சுச் சிகிச்சைக்குக் கோலாலம்பூர்வரை ஓட வேண்டியதில்லை. சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையிலேயே அது உண்டு. ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு அரசு கிளினிக்குகளில் குடல் புற்றுக்கான மலப் பரிசோதனை செய்கிறார்கள். சிறு குச்சியால் மலத்தைத் தொட்டுக் குப்பியில் போட்டுக் கொடுத்தால் போதும், கண்ணுக்குத் தெரியாத ரத்தமும் அகப்பட்டுவிடும். கூச்சம் ஒரு நிமிடம்தான்.

கருப்பைவாய்ப் புற்றை வருமுன்பே தடுக்கலாம். அதற்கான எச்பிவி தடுப்பூசி மலேசியப் பள்ளிகளில் 13 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு 2010இல் தொடங்கியது. பள்ளியிலிருந்து ஒப்புதல் படிவம் வந்தால், பெற்றோர் அன்றே கையெழுத்திட்டு அனுப்பலாம்.