தொம்பை இருந்த வீடு

கொல்லிமலையில் நாடு என்று அழைக்கப்படும் ஊர்த் தொகுதிகள் 14 உண்டு. அதில் எங்களுடையது தேவனூர் நாடு. அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, வீடு இருந்த இடத்தில் இப்போது மாமா கட்டிய காங்கிரீட் வீடு நிற்கிறது. இரண்டு வீட்டிலும் நான் பல மார்கழிகள் தூங்கி எழுந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அம்மாயி வீட்டுக்குள் பெரியவர்கள் குனிந்துதான் நுழைய வேண்டும். கூரை அவ்வளவு செங்குத்தாக இறங்கி, கிட்டத்தட்ட நெஞ்சு உயரத்தில் முடியும். குள்ளமானவர்களுக்குக் கட்டிய வீடு என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். ஒரு ஐப்பசி மழையில் திண்ணையில் உட்கார வைத்துத் தாத்தா காட்டினார். மலையில் மழை நேராக விழாது. காற்றோடு சேர்ந்து சாய்ந்து அடிக்கும். கூரை தாழ்ந்திருந்தால்தான் சாரல் சுவரைத் தொடாது. "சுவரு நனைஞ்சா மண்ணு சாமி, மண்ணாவே போயிரும்" என்றார். மூங்கில் பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்கும் கட்டி, இரண்டு பக்கமும் செம்மண் குழைத்து அப்பிய சுவர் அது. அதைக் காப்பாற்றத்தான் கூரை அப்படிக் குனிந்து நின்றது.

உள்ளே அடுப்பு. அடுப்புக்கு மேலே பரண். அதில் கேழ்வரகுக் கதிரும், சுரைக்குடுக்கையில் அவரை விதையும் புகையில் கிடக்கும். கரி படிந்த விதையைப் பூச்சி அண்டாது. அதே புகை கூரைக்குள் ஏறிப் புல்லிடுக்கு வழியாக வெளியே கசியும். தூரத்திலிருந்து பார்த்தால் வீடே மூச்சு விடுவது போலிருக்கும். புகை ஏறிய மூங்கிலை வண்டும் துளைக்காது. சமைக்க, குளிர்காய, விதை காக்க, கூரை காக்க எல்லாவற்றுக்கும் அந்த ஒரே நெருப்புதான்.

மூலையில் தானியம் சேர்த்து வைக்கும் தொம்பை. மூங்கிலில் முடைந்து சாணியும் செம்மண்ணும் பூசி, தரை ஈரம் ஏறாமல் கற்களின் மேல் நிறுத்தியிருப்பார்கள். என்னைவிட உயரம். அடியில் ஒரு கை நுழைகிற ஓட்டை. அதில் பழந்துணி அடைத்திருக்கும். அம்மாயி துணியை உருவினால் சாமை சரசரவென்று முறத்தில் கொட்டும். நான் அந்த ஓட்டைக்குள் கையை விட்டுக்கொண்டே இருப்பேன். வெளியே எவ்வளவு வெயிலானாலும் உள்ளே குளுகுளுவென்றிருக்கும். உமியோடு இருக்கும் சாமை வருடக்கணக்கில் கெடாது. ஒரு வருடம் மழை பொய்த்தாலும் தொம்பையில் கை விடலாம் என்ற தைரியம் அந்த வீட்டுக்கு இருந்தது.

அந்த வீட்டில் நடந்துபோய் எடுத்துவர முடியாத பொருள் எதுவும் இல்லை. கிராமத்து வீடு ஐந்து மைல் சுற்றுவட்டத்துக்குள் கிடைக்கும் பொருளால் கட்டப்பட வேண்டும் என்று காந்தி 1937-ல் ஹரிஜன் இதழில் எழுதினார். 1945-ல் இந்தியாவுக்கு வந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், இமயமலையில் பித்தோராகட் பக்கம் பல வருடங்கள் வாழ்ந்தபோது அங்கிருந்த மலைவாசிகளின் வீடுகளைப் பார்த்துத்தான் தன் தொழிலையே மறுபடி கற்றுக்கொண்டார். தாத்தாவுக்கு இந்த இரண்டு பேரின் எழுத்தும் தெரியாது. ஆனால் கூரைக்குப் புல் வேண்டும் என்பதால் எந்தச் சரிவை உழாமல் விட வேண்டும் என்பது தெரியும். அடுத்த வீட்டுக்கும் மூங்கில் வேண்டும் என்பதால், முற்றிய கழியை மட்டும் வெட்டி இளசை விட வேண்டும் என்பது தெரியும். மண் எடுத்த பள்ளம் எருக்குழியானது. மலை அந்த வீட்டைச் செய்தது. வீடும் தன் தேவையால் மலையைப் பார்த்துக்கொண்டது.

அந்த வீட்டில் துன்பமே இல்லை என்று சொன்னால் அம்மாயிக்குத் துரோகம் செய்தவனாவேன். புகையில் அவர் கண் எப்போதும் கலங்கியே இருக்கும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கூரை மாற்ற வேண்டும். அந்தப் புல் சுமையெல்லாம் பெண்கள் தலையில்தான் வந்தது. பக்கத்து ஊரில் ஒரு கூரை பற்றி எரிந்த இரவில் என் அம்மா எங்களை அணைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தார். மாமா காங்கிரீட் வீடு கட்டியபோது, "இனி நெருப்புக்குப் பயந்து தூங்க வேண்டாம் மாப்பிள்ளை" என்று சொன்ன முகம் எனக்கு மறக்காது. அந்த நிம்மதியைக் குறை சொல்ல எனக்கு உரிமை கிடையாது.

ஆனால் அந்த வீட்டை மாற்றியது சிமெண்ட் என்று நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சிமெண்ட் மலையேறுவதற்கு முன்பே மரவள்ளிக்கிழங்கு ஏறிவிட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மலேயா, சிங்கப்பூர்ப் பக்கமிருந்து ஜவ்வரிசி வருவது நின்றது; சேலத்தில் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்யும் ஆலைகள் முளைத்தன. ஆலைக்குக் கிழங்கு வேண்டும். அந்தப் பசி பிற்பாடு எங்கள் காடு வரை வந்தது. சாமை போட்ட காட்டில் மரவள்ளி நின்றது. காசு வந்தது; பிள்ளைகள் படித்தார்கள்; நானும் அந்தக் காசில்தான் படித்தேன். ஆனால் கிழங்கைப் பிடுங்கிய சில நாளில் ஆலைக்கு அனுப்பியாக வேண்டும். வீட்டில் வைத்துக் காக்கிற பொருள் இல்லை அது. பிறகு தொம்பை எதற்கு? பரண் எதற்கு? சாமை போன பிறகு வீட்டில் ஒரு மூலை வேலையில்லாமல் நின்றது. புதுவீட்டுக்கு அளவெடுத்தபோது அந்த மூலையை யாரும் தேடவில்லை.

மாமா வீட்டுக்கான மணல், ஜல்லி, கம்பி, 50 கிலோ சிமெண்ட் மூட்டைகள் எல்லாம் மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி லாரியில் வந்தன. அவற்றோடு சேர்ந்து சமவெளியின் வரைபடமும் வந்தது. தட்டையான கூரை, ஒரு சாண் நீட்டிய ஜன்னல் சன்ஷேடு, அடுப்பு இல்லாத முன்னறை. கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேலே மூடுபனிக்குள் இருக்கும் ஊருக்கு, நாமக்கல் வெயிலுக்குப் போட்ட கணக்கு.

ஒரு மார்கழி இரவில் மாமா மகள் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். நோட்டில் ஒரு சொட்டு விழுந்து மை பரவியது. வெளியே மழை இல்லை. அண்ணாந்து பார்த்தால் கூரையின் அடிப்பக்கம் முழுக்க முத்து முத்தாக வியர்த்திருந்தது. மெல்லிய காங்கிரீட் பலகை பனியில் சில்லிட்டுப் போக, சமையலின் ஆவியும் எங்கள் மூச்சும் அதில் பட்டு நீராகிச் சொட்டியது. புல்கூரை அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். இதற்கு அப்படி விடத் தெரியாது. சுவரோரம் கறுப்பாய்ப் பூசணம். அன்றைக்கு எல்லோரும் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனோம். அங்கே அத்தை தகரம் போட்டு, மண்ணில் ஒரு குட்டைச் சுவர் எடுத்து, விறகு அடுப்பு வைத்திருந்தார். கண்ணெதிரே லட்சங்கள் போட்டுக் கட்டிய வீடு இருட்டில் கிடக்க, நாங்கள் அந்தக் கொட்டகையில் கதகதப்பாகத் தூங்கினோம். காலையில் பார்த்தேன்: அடுப்புக்கு மேலே கயிற்றில் அவரை விதை தொங்கிக்கொண்டிருந்தது. பரண் வீட்டைவிட்டுப் போகவில்லை. பின்வாசலில் போய் நின்றிருந்தது.

மலை முழுக்க இப்படித்தான் வீட்டுக்குள் விதைக்கு இடம் இல்லாமல் போனது. ஒருகாலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் இருந்த விதையைக் காப்பதற்கு, எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஊர்மக்களோடு சேர்ந்து சமுதாய விதை வங்கிகள் அமைக்க வேண்டியிருந்தது. பெரிய காரியம், நன்றியோடு சொல்கிறேன். அதே வேளையில், எங்கள் சனம் விட்டு வந்த மண்சுவரும் மூங்கிலும் இன்று வெளியூர்க்காரர்கள் வாடகைக்குத் தங்கும் குடில்களாக எழும்புகின்றன. அவற்றைப் பார்க்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

வருகிற தையில் அம்மாவின் பங்கு நிலத்தில் நானும் ஒரு சின்ன வீடு தொடங்குகிறேன். புல்கூரை வேய இன்று புல்லும் இல்லை, ஆளும் இல்லை. ஓடுதான். ஆனால் செங்குத்தான சரிவு, மூன்றடி நீட்டிய தாழ்வாரம், புகை போக வழியுள்ள அடுப்பு, அதற்கு மேலே பரண் என்று எல்லாம் சொன்னேன். கொத்தனார் நம்ம ஊர்ப் பையன். தரையில் குச்சியால் கோடு கிழித்துக்கொண்டே வந்தவர் சமையலறை மூலையில் நின்றார்.

"இங்க நாலுக்கு நாலு சும்மா விடச் சொல்றீங்களேண்ணா, எதுக்கு?"

"தொம்பைக்கு."

"சாமையே போடறதில்லையே?"

"இடம் காலியா இருந்தா கண்ணை உறுத்தும்பா. உறுத்தினா, ஒரு மழைக்காவது போட்டுப் பார்ப்போம்."

அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் அந்த மூலையையே பார்த்துவிட்டு, தரை ஈரம் ஏறாமல் தொம்பையை நிறுத்த நாலு கல்லுக்கு அடையாளம் வைத்தார்.