முதல் பக்கத் தம்பி

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி எந்தக் கடையில் ஏறினாலும் இந்தத் தம்பி உட்கார்ந்திருப்பார். முதுகில் லேப்டாப் பை, கையில் இரண்டு போன், எந்தக் கம்பெனி என்று படிக்க முடியாதபடி எப்போதும் திரும்பியே தொங்கும் அடையாள அட்டை. "எஸ்.இ.ஓ. பண்றேன்" என்று அறிமுகம் செய்துகொள்வார். பேரூராட்சி இ.ஓ.வுக்கு மேலதிகாரி போலிருக்கிறது என்று பயந்து, லைசென்ஸ் புதுப்பிக்காத கடைக்காரர்கள் எழுந்து நின்று டீ சொல்வார்கள். தம்பி மறுக்க மாட்டார்.

செய்வதோ கூகுள் தேடலில் கடையை மேலே ஏற்றும் வேலை. அவரிடம் இருக்கும் சரக்கு ஒரே வாக்கியம்தான். "மூணே மாசம்ணா. கூகுள்ல மொத பக்கம், மொத இடம். கேரண்டி." முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. அதைக் காட்டினாலும் அசர மாட்டார். "அது மத்தவங்களுக்குண்ணா" என்பார். சுந்தர் பிச்சை மதுரையில் பிறந்தவர் என்பதையும் அந்த இடத்தில் ஒருமுறை சொல்லி வைப்பார். அவர் 2015இல் கூகுளின் தலைவரானதில் தனக்கும் ஏதோ கைங்கரியம் உண்டு என்பது போல.

வேலை முடிந்ததை நிரூபிப்பதுதான் பார்க்க வேண்டிய காட்சி. ஓர் அரிசி மண்டியின் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றபடி, மண்டியின் முழுப் பெயரையும் ஊர்ப் பெயரையும் சேர்த்து அடிப்பார். மண்டி முதலாவதாக வரும். வராமல் எங்கே போகும்? அக்கம்பக்கத்துக் கடைகளைக் காட்டும்போது, தேடுகிறவர் எங்கே நிற்கிறார் என்பதையும் கூகுள் பார்க்கிறது. "பொன்னி அரிசின்னு மட்டும் போட்டு, காஞ்சிபுரத்துல இருந்து தேடிக் காட்டு தம்பி" என்று முதலாளி கேட்டால், அந்த நேரம் பார்த்து அவருக்கு அவசரமாக ஒரு போன் வரும்.

செய்யும் வேலையிலும் குறை சொல்ல முடியாது, நிறையவே செய்வார். "உத்திரமேரூரில் சிறந்த அரிசி, உத்திரமேரூரில் மலிவான அரிசி, உத்திரமேரூர் அரிசி விலை" என்று அரிசி மூட்டையை அடுக்குவது போல அடுக்கி, வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக ஒளித்து வைப்பார். படிக்கிறவர் கண்ணில் ஒன்று, கூகுளின் கண்ணில் வேறொன்று காட்டும் இந்த மாதிரித் தந்திரத்துக்காகத்தான் 2006இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. இணையதளத்தையே கூகுள் தன் பட்டியலிலிருந்து தூக்கியது. கார் கம்பெனிக்கே அந்தக் கதி என்றால் மண்டி எம்மாத்திரம்? கீவேர்டு மெட்டா டேகைக் கணக்கில் எடுப்பதில்லை என்று 2009இலேயே கூகுள் அறிவித்துவிட்டது. தம்பி இன்றைக்கும் அதற்குத் தனிக் கட்டணம் வாங்குகிறார்.

லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998இல் கூகுளைத் தொடங்கியபோது, ஒரு தளம் இன்னொன்றுக்குக் கொடுக்கும் இணைப்பை ஓட்டாக மதித்தார்கள். தம்பி இந்தத் தத்துவத்தைச் சரியாகவே பிடித்துக்கொண்டு, நேரே கள்ள ஓட்டுக்குப் போய்விட்டார். எங்கோ இருக்கும் சூதாட்டத் தளமும், வழுக்கைக்கு எண்ணெய் விற்கும் தளமும் நம் மண்டியைச் சிபாரிசு செய்கின்றன. ஐந்து நட்சத்திர விமர்சனங்கள் எல்லாம் ஒரே சாயங்காலம் வந்து விழும். அதில் ஒன்று, "அரிசி அருமை. ரூமும் சுத்தமாக இருந்தது." போன வாரம் லாட்ஜுக்கு எழுதியது.

எல்லாம் சரிந்து விழும்போது தம்பியிடம் பதில் தயார்: "அப்டேட் வந்துடுச்சிண்ணா." 2011இன் பாண்டா, 2012இன் பெங்குவின் என்று கூகுளின் பழைய மாற்றங்களை, தான் நேரில் நின்று அடிவாங்கியவர் போல வர்ணிப்பார். அப்போது அவர் ஏழாவது படித்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் மண்டியின் பெயரைத் தேடினால் ஜப்பானிய எழுத்தாக வந்தது. "நம்ம பொன்னி ஜப்பான் வரைக்கும் போயிடுச்சா தம்பி?" என்று முதலாளி பூரித்துப்போனார். உண்மையில் போனது சாவி. காசு கொடுக்காமல் எடுத்த திருட்டு பிளக்இன் வழியாக எவனோ உள்ளே புகுந்து, மண்டித் தளத்தில் ஆயிரக்கணக்கான போலிப் பக்கங்களை ஏற்றியிருந்தான். உலகமெங்கும் நடக்கும் வழக்கமான திருட்டு இது. சரிசெய்யலாம் என்றால் பாஸ்வேர்டு தம்பியின் பழைய போனில், டொமைன் தம்பியின் பெயரில், தம்பி ஓசூரில்.

இத்தனையும் நடக்கிற ஊர் எது தெரியுமா? வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும், ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை விதிகளைக் கல்லில் வெட்டிய ஊர். பெயர் குடத்துக்குள் போக வேண்டுமானால் சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை. அவன் சொந்தக்காரனுக்கும் இல்லை. தம்பி மாதாமாதம் காட்டும் கணக்கு, மேலே ஏறும் ஒரு பச்சைக் கோடு. எந்த மூட்டை அதனால் விற்றது என்று அதில் இருக்காது. மண்டிக்காரருக்கோ இணையத்தில் சொந்த மனை இல்லை. அந்தக் கல்லின் கணக்குப்படி இருவருமே தேற மாட்டார்கள்.

கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கூகுள் மேப்பில் கடையைப் பதிவதற்குக் காசு கிடையாது. என்னென்ன ரக அரிசி, எத்தனை மணிவரை கடை, சாலவாக்கத்துக்கும் மானாம்பதிக்கும் வண்டி போகுமா என்று உங்கள் வாயால் சொல்வதையே எழுதிப் போடுங்கள். எடுக்கிற போன் நம்பரைக் கொடுங்கள். டொமைன், மெயில், சர்ச் கன்சோல் மூன்றும் உங்கள் பெயரில் இருக்கிறதா என்று இன்றைக்குக் கடை சாத்துவதற்குள் பார்த்துவிடுங்கள். டொமைன் புதுப்பிக்கும் தேதியைத் தினசரிக் காலண்டரில் எழுதி வையுங்கள். அமாவாசைக்குப் பக்கத்தில் இடம் இருக்கும்.