சட்டம் தெரிந்த சித்தப்பா

விவாகரத்து என்ற பேச்சு ஒரு வீட்டில் லேசாகக் கசிந்தால் போதும், யாரும் கூப்பிடாமலே ஒரு சித்தப்பா வந்து சேர்ந்துவிடுவார். சட்டக் கல்லூரி வாசலை மிதித்தவர் அல்ல. மின்வாரியத்திலோ கூட்டுறவு வங்கியிலோ இருந்து ஓய்வு பெற்றவர். மச்சான் மகன் வழக்குக்காகக் குடும்பநல நீதிமன்றத்துக்கு நாலைந்து வாய்தா துணைக்குப் போனார். அந்த வராண்டாவில் காதில் விழுந்ததுதான் அவர் படித்த சட்டம்.

"மியூச்சுவல்னா ஆறே மாசம்டா. இப்ப அதுவும் தேவையில்லைன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு" என்பார். பாதி உண்மை. இந்து திருமணச் சட்டம் 13-பி பிரிவின்படி, பரஸ்பர சம்மத மனுப் போடுவதற்கு முன்பே தம்பதி ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். அந்த ஆறு மாதக் காத்திருப்பு அதற்கு மேல். அதை நீதிமன்றம் விரும்பினால் தள்ளுபடி செய்யலாம் என்றுதான் 2017 தீர்ப்பு சொன்னது. அதற்கும் சமரச முயற்சி தோற்றிருக்க வேண்டும். ஜீவனாம்சமும் குழந்தைப் பொறுப்பும் பேசி முடிந்திருக்க வேண்டும். இதை யாரோ விளக்கிய நேரத்தில் சித்தப்பா டீ குடிக்கப் போயிருந்தார்.

ஜீவனாம்சத்தில் அவருக்கு இரண்டு வாய். பையன் வீட்டில், "வேலைக்குப் போற பொண்ணுக்குச் சல்லிக்காசு தர வேண்டாம்." அதே வாரம் வேறொரு பெண்ணின் அப்பாவிடம், "சம்பளத்துல மூணுல ஒரு பங்கு கறந்துடலாம்." மனைவி வேலைக்குப் போகிறாள் என்பதால் மட்டுமே ஜீவனாம்சம் இல்லாமல் போகாது. மூன்றில் ஒன்று என்று எந்தச் சட்டமும் பங்கு பிரித்து வைக்கவும் இல்லை. "அப்பப் பையன் வேலையை விட்டுட்டதா எழுதிடலாம்" என்று அடுத்த யோசனை வரும். இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதில் பொய் எழுதினால் மாட்டப்போவது பையன். சித்தப்பா அன்றைக்கு ஊரில் இருக்க மாட்டார்.

"சம்மனை வாங்காதே, வாங்கலைன்னா கேஸே கிடையாது" என்பது அவருடைய பிரம்மாஸ்திரம். வாங்க மறுத்தாலும் சேர்ப்பித்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். பிறகு எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வந்து, அதை ரத்து செய்யத் தனி மனு, தனிச் செலவு.

இவரை வக்கீல் பார்க்க அழைத்துப் போவதுதான் கண்கொள்ளாக் காட்சி. முதலில் மேஜையின் அகலத்தைப் பார்ப்பார். அப்புறம் நாற்காலிக்குப் பின்னால் தங்க எழுத்துப் புத்தகங்கள் எத்தனை வரிசை, வெளியே எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று கண்ணாலேயே கணக்கெடுப்பார். "கவலையே படாதீங்க, நூறு பெர்சன்ட் நமக்குத்தான். ஃபீஸ் இப்ப வேண்டாம், வர்ற பணத்துல பத்து பெர்சன்ட் தந்தாப் போதும்" என்று ஒருவர் சொன்னால் சித்தப்பாவுக்குக் கண் கலங்கிவிடும். வழக்கில் கிடைக்கும் பணத்தில் பங்கு பேசுவதை பார் கவுன்சில் விதிகளே தடை செய்திருக்கின்றன என்பது அந்தக் கண்ணீரில் மறைந்துபோகும்.

அடுத்த தெருவில் ஒரு வக்கீலம்மா இருப்பார். சின்ன மேஜை. உட்கார்ந்ததும், "சேர்ந்து வாழ வழியே இல்லையா?" என்று பையனிடம் கேட்பார். சித்தப்பா பதில் சொல்ல வாயெடுப்பார். "நீங்க இருங்க சார், தம்பி சொல்லட்டும்." பிறகு, மனுப் போட்டால் நீதிமன்றமே முதலில் கவுன்சிலிங் அனுப்பும், எத்தனை மாதம் ஆகும் என்று இப்போதே சொல்ல முடியாது, கட்டணம் இன்னின்ன கட்டத்தில் இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதியே கொடுப்பார்.

மாடிப்படி இறங்கும்போதே சித்தப்பா தீர்ப்பு எழுதிவிடுவார்: "இந்தம்மா தேறாதுடா. பொம்பளை வக்கீல் பொண்ணு பக்கம்தான் பேசும். ஜெயிப்போம்னு ஒரு வார்த்தை சொல்லுச்சா?"

சொல்லவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே அவரிடம் வக்காலத்தில் கையெழுத்துப் போடலாம் என்பேன்.

இன்னொன்று, சித்தப்பா இதுவரை வாய் திறக்காத விஷயம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. வக்கீலையும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவே அமர்த்தித் தரும். இலவசம் என்றால் மட்டம் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

ஆகவே, இந்த நிலைமை வந்துவிட்டவர்களுக்குச் சொல்வது: முதல் நாள் வக்கீலைப் பார்க்கப் போகும்போது கல்யாணப் பத்திரிகை, கல்யாண போட்டோ, பதிவுச் சான்றிதழ், இருப்பிடச் சான்று எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். கொடுக்கும் பணத்துக்கு ரசீது கேளுங்கள். கட்டணம் கட்டுப்படியாகாவிட்டால், சட்ட உதவிக்கான எண் 15100-க்குப் போன் செய்யுங்கள். சித்தப்பாவிடம் மட்டும் தேதியைச் சொல்லாதீர்கள்.