மூணாவது கால்

ஏலே பேராண்டி, இப்பிடித் திண்ணையில வந்து உக்காரு. மாடியில 80,000 ரூவாய்க்குக் கம்ப்யூட்டர் எறக்கியிருக்கியாமே, ஒங்க ஆச்சி தெருவெல்லாம் சொல்லிட்டு வந்துட்டா. நானும் ஏறிப் போயிப் பாத்தேன். சந்தனம், குங்குமம்; மேல எலுமிச்சம்பழமும் பச்சமொளகாயும் கோத்துத் தொங்குது. பிரமாதம்! கண்ணு படாது. கரண்டுதான், பாவம், அதுக்கு இந்தச் சாங்கியமெல்லாம் தெரியாது. என்னைய மாதிரி கைநாட்டு.

கீழ குனிஞ்சு பாத்தா ஒரு வெள்ளப் பொட்டி. "ஸ்பைக் பஸ்டர் தாத்தா, இடியே வந்தாலும் தடுத்துரும்"னு சொன்னியே, அதானா? என்ன வெல, 150-ஆ? சரிதான், ராசாவுக்கு ஏத்த காவக்காரன். நீ தூங்குத நேரமாப் பாத்து, பிளக்கைக் கழத்திட்டு, திருப்புளி வச்சுத் தொறந்து பாத்தேன். கோவிச்சுக்கிடாத. வெளிய ஓட்ட மூணு, உள்ள வயரு ரெண்டு. மூணாவது ஓட்டைய சாமிக்கு நேந்து விட்டுட்டான் போல. ஒரு செவப்பு லைட்டு இருந்துச்சு. அது நல்லா எரியும்.

நம்ம குளத்து மறுகால் பாத்திருக்கேல்லா? குளம் நெறஞ்ச பெறகு வர்ற தண்ணிய மட்டும் வழிய விடும்; கர தப்பிச்சுக்கிடும். நல்ல பொட்டிக்குள்ள இருக்கதும் ஒரு மறுகால்தான். எம்.ஓ.வி.ம்பாங்க. நாலணாக் காசு கணக்கா ஒரு வில்ல, துத்தநாக ஆக்சைடுல சுட்டது. 230 வோல்ட்டு வார வரைக்கும் செவனேன்னு கெடக்கும். போன கரண்டு திரும்பி வரும்போதோ, தூரத்துல இடி விழும்போதோ சட்டுனு ஆயிரம் ரெண்டாயிரம்னு எகிறுச்சுன்னா வாயத் தொறந்து மிச்சத்த வழியவிட்டுட்டு மறுபடி மூடிக்கிடும். கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள சோலி முடிஞ்சிரும். ஆனா வழியுத தண்ணி ஓடுததுக்கு ஓடை வேண்டாமா? அதுக்குத்தாம்லே அந்த மூணாவது கம்பி, எர்த்து.

இன்னொண்ணு. ஒவ்வொரு அடிக்கும் அந்த வில்ல கொஞ்சங் கொஞ்சமாச் சாவும். செத்த பொறவும் பொட்டி கரண்டு குடுத்துக்கிட்டேதான் இருக்கும், செத்தவன் பேர்ல பென்சன் வருத கணக்கா. நல்ல பொட்டியில காவல் இருக்குன்னு காட்ட தனியா ஒரு லைட்டு வச்சிருப்பான். அது அணைஞ்சா பொட்டிய மாத்திரு. அட்டையில ஜூல்னு ஒரு நம்பர் போட்டிருக்கும், எவ்வளவு அடி தாங்கும்ங்க கணக்கு. நம்பரே இல்லன்னா அது வெறும் ஜங்ஷன் பொட்டி, பேருதான் பெத்த பேரு.

உடனே கடைக்கு எந்திரிக்காத, உக்காரு. நம்ம தெருவுல ஒரு தீவாளிக்கு நியூட்ரல் அந்துபோயி ஒம்பது வீட்டு டிவியும் ஒண்ணாப் பொகஞ்சது ஒனக்கு எங்க ஞாபகம் இருக்கப் போவுது, அப்ப நீ தொட்டில்ல கெடந்த. வெடி போடாமலே தெரு பூரா பொக! நியூட்ரல் அந்தா வீட்டுக்குள்ள 400 வோல்ட்டு கிட்டகூட ஏறி நிக்கும், லைன்மேன் வார வரைக்கும் எறங்காது. மறுகால் ஒரு மழைக்குத் தாங்கும், கடலே ஏறி வந்தா? வில்ல கருகிரும். அதுக்கு, வோல்டேஜு கூடுனா தானா கட்டாகுத ஸ்டெபிலைசர்தான் சரி.

இப்ப எர்த்துக்கு வாரேன். கொல்லையில, தொவைக்குத கல்லுப் பக்கம் ஒரு இரும்புப் பைப்பு நட்டிருந்துச்சே, அது என்னதுன்னு நெனச்ச? கரியும் உப்பும் போட்டு நான் தோண்டுன குழிலே அது. ஒங்க ஆச்சி முப்பது வருசமா பாத்திரங் கழுவுன தண்ணிய அதுலதான் ஊத்துனா. ஈரம் இருந்தாத்தான் மண்ணு கரண்டக் குடிக்கும். போன மாசம் காரு நிறுத்தணும்னு பைப்பை அறுத்து எறிஞ்சுட்டு, சிமெண்டப் போட்டு மொழுகி, டைல்ஸும் ஒட்டுன பாரு, அன்னைக்கே ஆச்சிட்ட சொன்னேன்: "பேரன் வீட்டுக்கே மூணாவது கால ஒடிச்சுட்டான்"னு. இனி ஆயிரம் ஜூல் பொட்டி வாங்குனாலும் ஓடை இல்லாத மறுகால்தான். எலக்ட்ரீசியனக் கூப்பிட்டு வேற எடத்துல குழி போடச் சொல்லு. ஆச்சி கை எட்டுத தூரமாப் பாத்து.

அந்தா, மேக்க கருத்துட்டு வருது பாரு. கோட இடி. நேரா விழுத இடிய எந்தப் பொட்டியும் தாங்காது. சுவிச்ச அமத்திட்டு வந்துராத. வானத்துலருந்து குதிச்சு வாரவனுக்கு சுவிச்சுக்குள்ள இருக்க அரைக்கால் இஞ்சு ஒரு தூரமா? பிளக்கையே புடுங்கு. கேபிள்காரரு மொட்டமாடி மொட்டமாடியா இழுத்துவிட்ட நெட்டு வயரையும் கழத்து, இல்லன்னா வாசலப் பூட்டிட்டுக் கொல்லையத் தொறந்து போட்ட கதையாயிரும். இடி தலைக்கு மேல வந்த பொறவு எதுலயும் கை வைக்காத, இப்பவே ஓடு.

வரும்போது அந்த எலுமிச்சம்பழத்தையும் அறுத்துட்டு வா. ஆச்சி சர்வத்துப் போடட்டும்.