பத்தாவது கையெழுத்து

என் ஓட்டு இதுவரை யாரையும் ஜெயிக்க வைத்ததில்லை என்று சொன்னால் வீட்டில் ஒத்துக்கொள்வதில்லை. "நீங்க போட்ட சூரியன் ஜெயிச்சுதே!" என்கிறார்கள். அது நான் போட்டதல்ல, கூட்டணி போட வைத்தது. நான் அரிவாள்காரன். பக்கத்தில் கதிர் இருந்தாலும் சரி, சுத்தியல் இருந்தாலும் சரி, அரிவாள் இருந்தால் போதும் எனக்கு. ஆனால் கூட்டணியில் பங்கு பிரிக்கும்போது எங்கள் ஊர் அரிவாளுக்கு விழுவதில்லை. சங்கராபுரம் தொகுதியில் 2016, 2021 இரண்டு முறையும் ஜெயித்த தி.மு.க. வேட்பாளரின் பெயரே உதயசூரியன். சின்னமும் அவரே, ஆளும் அவரே. 2024-ல் கள்ளக்குறிச்சி நாடாளுமன்றத் தொகுதியில் ஜெயித்தவர் மலையரசன். கல்வராயன் மலை அந்தத் தொகுதிக்குள்தான் இருக்கிறது. பெயர்ப் பொருத்தத்தில் எங்களுக்கு ஒரு குறையும் கிடையாது.

தோழர்கள் மேல் கோபப்படவும் முடியவில்லை என்பதுதான் தொல்லை. வாச்சாத்தி மலைக்கிராமத்தில் 1992 ஜூன் 20-ஆம் தேதி சீருடைக்காரர்கள் செய்த அக்கிரமத்தை மார்க்சிஸ்ட் தோழர்கள் விடாமல் துரத்தினார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 2011-ல் உயிரோடிருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். 2023-ல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. முப்பது வருடம் விடாப்பிடியாக நின்ற அதே ஆட்கள், 2021-ல் 234 தொகுதியில் ஆளுக்கு 6 என்றதும் எழுந்து கைகுலுக்கிவிட்டு வந்துவிட்டார்கள். அதற்கு முன் 2019 தேர்தல் செலவுக் கணக்கில், இந்தியக் கம்யூனிஸ்டுக்கு 15 கோடி, மார்க்சிஸ்டுக்கு 10 கோடி கொடுத்ததாக தி.மு.க. காட்டியிருந்தது. பேப்பரில் அதைப் படித்த அன்று, உண்டியலில் நான் போட்ட இருபது ரூபாயைத் திருப்பிக் கேட்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன்.

இப்படி மனசு விட்டுப்போகும்போதெல்லாம் நான் வெளியாளைத் தேட ஆரம்பித்துவிடுவேன். இந்த வியாதி எனக்கு மட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். 2016-ல் கட்சிகளுக்கே வந்தது. இரண்டு கம்யூனிஸ்டுகளும் விடுதலைச் சிறுத்தைகளும் ம.தி.மு.க.வும் சேர்ந்து மக்கள் நலக் கூட்டணி கட்டி, விஜயகாந்தை முதல்வர் வேட்பாளர் ஆக்கினார்கள். மூலதனம் படித்த தோழர்கள் கேப்டனுக்குப் பிரசாரம் செய்த கண்கொள்ளாக் காட்சியை எங்கள் பக்கம் நேரிலேயே பார்த்தோம். 2011-ல் ரிஷிவந்தியத்தில் ஜெயித்தவர், இந்த முறை உளுந்தூர்பேட்டையில் நின்றார். மூன்றாம் இடம். டெபாசிட்டும் போயிற்று. கூட்டணி மொத்தத்துக்கும் ஓர் இடம்கூட இல்லை. சட்டமன்றத்தில் கம்யூனிஸ்டு ஒருவர்கூட இல்லாமல் ஐந்து வருடம் ஓடியது.

அதற்குப் பிறகாவது நான் திருந்தியிருக்க வேண்டும். வாத்தியார் விடவில்லை. ஓய்வுபெற்றவர், மலைப் பள்ளிக்கூடத்திலேயே பாதி வயதைக் கழித்தவர், எந்தக் கட்சியிலும் சேராதவர். "நான் சுயேச்சையா நிக்கிறேன். நீ கூட வா, போதும்" என்றார். அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளரை ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும், பத்துப் பேரும் அதே தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். டெபாசிட் 10,000 ரூபாய். பணத்தைத் திரட்டிவிட்டோம், பத்துப் பேரைத் திரட்டத்தான் நாக்குத் தள்ளியது. கட்சிக் கிளையில் இருக்கும் ஒரு தோழரிடம் போனேன். பாரத்தை நெடுநேரம் பார்த்தார். "கூட்டணி தர்மம் தோழர், கையெழுத்து முடியாது" என்றார். பிறகு தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஐந்நூறு ரூபாயை என் சட்டைப் பையில் திணித்தார். "டெபாசிட்டுல சேத்துக்குங்க. எம்பேரு மட்டும் எங்கயும் வேணாம்."

சின்னத்துக்கு வாத்தியார் கேட்டது கரும்பலகை. கிடைத்தது ஏர் கண்டிஷனர். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தொட்டு, வளைவு வளைவாக ஏறி, கல்வராயன் மலை மேலிருக்கும் வெள்ளிமலைக்குப் போனோம். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியிடம் நோட்டீசைக் கொடுத்தேன். "இன்னாது இது?" என்றாள். குளிர்ச்சி தரும் பெட்டி என்றேன். "இருக்கற குளுரு பத்தலியா சாமி?" என்று நோட்டீசைத் திருப்பிக் கொடுத்தாள்.

இறங்கி வரும்போது எனக்குச் சிரிப்பு. வாத்தியார் சிரிக்கவில்லை. அவர் ஏன் சிரிக்கவில்லை என்பது 2024-ல்தான் புரிந்தது. அந்த ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து கல்வராயன் மலையின் கதையை விசாரித்தது. 1976 வரை மலை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது என்றும், மக்களுக்கு ஓட்டுரிமை 1996-ல்தான் கிடைத்தது என்றும் அங்கே எடுத்துச் சொன்னார்கள். பாட்டி முதல் ஓட்டுப் போட்டபோதே அவளுக்குப் பேரன் பேத்தி இருந்திருக்கும். அவளிடம் போய் நான் ஏர் கண்டிஷனருக்கு ஓட்டுக் கேட்டிருக்கிறேன்.

அந்தத் தேர்தலில் வாத்தியார் தோற்றார். நோட்டாவுக்கும் கீழே. "கவலைப்படாதீங்க, மணிப்பூர்ல இரோம் ஷர்மிளாவுக்கே இதுதான்" என்று ஆறுதல் சொன்னேன். பதினாறு வருடம் உண்ணாவிரதம் இருந்தவருக்கு 2017-ல் தவுபால் தொகுதி 90 ஓட்டுப் போட்டது. அங்கே நோட்டாவுக்கு 143. வாத்தியாருக்கு வேறு கணக்கு தெரிந்திருந்தது. அமெரிக்காவில் பெர்னி சாண்டர்ஸ் நின்று நின்று தோற்று, 1981-ல் பர்லிங்டன் நகர மேயராக வென்றது பத்தே ஓட்டு வித்தியாசத்தில். "பத்து ஓட்டுப்பா! நமக்கு முன்மொழியவே பத்துப் பேரு இருந்தாங்க" என்றார். மலைக்கும் பர்லிங்டனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வாயெடுத்தேன். டெபாசிட் போன மனுஷனிடம் தர்க்கம் பண்ணக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

மறுபடி நிற்பதாகச் சொல்கிறார். கரும்பலகை கிடைக்காவிட்டால் கம்பளி கேட்பாராம். பட்டியலில் கம்பளி உண்டா என்று பார்க்க வேண்டும். ஐந்நூறு கொடுத்த தோழர் இந்த முறை ஆயிரம் தருவதாகச் சொல்லியிருக்கிறார், பெயர் வேண்டாம் என்ற அதே நிபந்தனையோடு. முன்பு கையெழுத்துப் போட்ட பத்துப் பேரில் ஒருவர் இப்போது ஒரு நடிகர் கட்சியில் ஒன்றியப் பொறுப்பாளர், போனை எடுப்பதில்லை. ஆக, ஒன்பது பேர் இருக்கிறோம். சங்கராபுரம் தொகுதிப் பட்டியலில் பெயருள்ளவர் யாராவது இதைப் படித்தால், பேனாவோடு வெள்ளிமலை பஸ் ஏறவும். போர்வையும் கொண்டு வரவும்.