செலக்டிவ் மாமா

அடையாறு காந்தி நகரிலோ, லஸ் பக்கத்துத் தெருக்களிலோ, தி.நகரில் பழைய பங்களா இடிந்து ஃபிளாட் ஆன ஏதாவது ஒரு சந்திலோ காலை ஆறரை மணிக்கு நடந்து பாருங்கள். கால் கிரவுண்டு புல்தரையின் நடுவே, கையில் ஸ்பிரே பாட்டிலோடு ஒருவர் குனிந்து நிற்பார். வங்கியில் டெபுடி ஜெனரல் மானேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். குடியிருப்போர் சங்கச் செயலாளர். எதிர்த்து நிற்க ஆள் கிடைக்காததால் நிரந்தரச் செயலாளர். இவர்தான் செலக்டிவ் மாமா.

களைக்கொல்லி என்று யார் வாயெடுத்தாலும் இரண்டு கேள்வி கேட்பார்: "ஆர்கானிக்கா? சரி, செலக்டிவா?" அதாவது களை மட்டும் சாக வேண்டும், கொரியன் புல்லுக்கு ஒன்றும் ஆகக்கூடாது, மண்புழு மனசு நோகக்கூடாது. "லோன் சாங்ஷன் பண்ற காலத்துல இவ்வளவு செலக்டிவா இருந்திருந்தா பாங்க் தப்பிச்சிருக்கும்" என்பது மாமியின் கருத்து.

ரசாயனத்தில் இந்த வித்தை உண்டு. 1940களில் வந்த 2,4-டி, அகல இலைச் செடிகளைக் கொன்று புல்லை விட்டுவிடும். மாமா அதைத் தொடமாட்டார். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் பேச்சை யூடியூபில் கேட்ட நாளிலிருந்து அவர் ஆர்கானிக். கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியைப் பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தார் மட்டுமே அடிக்கலாம் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு போட்ட உத்தரவை லேமினேட் செய்து லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். அந்தக் கட்டடத்தில் கிளைஃபோசேட் வாங்கும் உத்தேசம் யாருக்கும் இருந்ததில்லை.

மாமாவின் முதல் ஆயுதம் வினிகர். மளிகைக் கடை வினிகரில் அசிட்டிக் அமிலம் நாலைந்து சதவீதம்தான். நல்ல வெயிலில் அடித்தால் சாயங்காலத்துக்குள் இலை கருகும். மாமா உடனே வாட்ஸாப் குழுவில் வெற்றிப் படம் போட்டார். வினிகர் இலையைச் சுடும், வேரைத் தொடாது. களை, புல் என்று ஆள் பார்க்கவும் பார்க்காது. அடுத்த வாரம் களை துளிர்த்துவிட்டது. கூடவே கருகிய கொரியன் புல் யோசித்துக்கொண்டிருந்தது. அந்தப் படம் குழுவில் வரவில்லை.

அடுத்தது, இயற்கை விவசாயிகளிடம் புழங்கும் கரைசல்: கோமியம், கல் உப்பு, சுண்ணாம்பு, எலுமிச்சை, வேப்பெண்ணெய். முதல் மாடிக் குடும்பம் ஜன்னலைச் சாத்தியது, இன்னும் திறக்கவில்லை. உப்புக்கும் அகல இலை, ஒல்லி இலை பேதம் கிடையாது. போட்ட இடத்தில் மண்ணைக் கெடுத்துவிடும். கடலோரத் தெருக்களில் போர் தண்ணீர் ஏற்கெனவே கரிக்கிறது. அந்த மண்ணில் காசு கொடுத்து உப்பு வாங்கிக் கொட்டிய பெருமை மாமாவுக்கே.

மாமாவின் பையன் இருப்பது கனடாவின் மிஸிஸாகாவில். அந்த ஊர் இருக்கும் ஒண்டாரியோ மாகாணத்தில் வீட்டுப் புல்தரைக்கு ரசாயனக் களைக்கொல்லி அடிக்க 2009லேயே தடை வந்துவிட்டது. பேத்தியைப் பார்க்கப் போன மாமா, அங்கே இரும்பைப் பிணைத்துச் செய்த களைக்கொல்லியைப் பார்த்து வந்தார். அகல இலை இரும்பை அளவுக்கு மீறி உறிஞ்சிக் கறுத்துச் சாகும், புல் தப்பித்துக்கொள்ளும். செலக்டிவ்! ஊர் திரும்பியதும் நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி வாங்கினார். அதுவும் இரும்புதானே என்பது கணக்கு. கரைத்துத் தெளித்ததில் சில களைகள் கறுத்தன. கான்வாஸ் ஷூவோடு மாமா நடந்த வழியெல்லாம் மறுநாள் டைல்ஸில் துருக்கறை. தடம் புல்தரையில் தொடங்கி, லிஃப்டில் ஏறி, இரண்டாவது மாடியில் செயலாளர் வீட்டு வாசலில் நின்றது. விசாரணைக் குழு அமைக்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

பிறகு மக்காச்சோள குளூட்டன். அயோவா மாநிலப் பல்கலைக்கழகக் கண்டுபிடிப்பு. 1991ல் காப்புரிமை பெற்றது. முளைக்கிற விதையை வேர்விடாமல் தடுக்கும். ஆனால் அதில் நூற்றுக்குப் பத்து பங்கு நைட்ரஜன். முன்பே வேர்விட்ட களைக்கு அது விருந்து. மிச்சத்தைப் புறாக்கள் பார்த்துக்கொண்டன.

இத்தனைக்கும் அசராதது கோரை. உலகத்தின் மிக மோசமான களை என்று தாவரவியலாளர்கள் பட்டம் கொடுத்த செடி. இலையைப் பிடுங்கினால் மண்ணுக்குள் கிழங்குகள் நூல்கட்டிக் காத்திருக்கும். ஒல்லி இலை என்பதால் இரும்பும் அதை ஒன்றும் செய்யாது. களையெடுக்க வரும் அம்மா இதை மாமாவிடம் பலமுறை சொல்லிவிட்டார்.

"சார், அடியில கெழங்கு கீது. அத்த நோண்டி எடுக்காம மேல இன்னா ஊத்துனாலும் வேஸ்ட்டு."

"நீ சும்மா இரும்மா. இது சயின்ஸ்."

"சரி சார். இந்த மூக்கிரட்டைல மருந்து படல இல்ல? ஊட்டுக்கு எடுத்துனு போறேன், கொயம்பு வைக்க."

இங்கேதான் மாமாவின் வாழ்க்கையில் ஒரு சிக்கல். அவர் கொல்லப் பார்க்கும் கீழாநெல்லியும் கரிசலாங்கண்ணியும் மயிலாப்பூர் நாட்டு மருந்துக் கடையில் பொடியாகி, பாக்கெட்டாகி, அவர் வீட்டு ஷெல்ஃபிலேயே இருக்கின்றன. கோரைக்கிழங்கு மாமியின் குளியல் பொடியில் இருக்கிறது. கொரியன் புல்லுக்குள் நுழைந்த அருகம்புல்லைத் திட்டிக்கொண்டே பிடுங்கிப் போட்டுவிட்டு, வாக்கிங் போன இடத்தில் பூங்கா வாசலில் அருகம்புல் சாறு வாங்கிக் குடிக்கிறார். விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையாருக்குச் சாத்த மாட வீதியில் அதையே காசு கொடுத்து வாங்குகிறார். இத்தனைக்கும் பெர்முடா என்ற பெயரில் கோல்ஃப் மைதானங்களில் விரித்து வளர்ப்பது இந்த அருகம்புல்லைத்தான்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் களை வெறி பிடித்து வளரும். அதை அடக்க மாமா சூத்திரம் தேடிக்கொண்டிருக்கும்போதே மார்கழி வந்துவிடும். அப்புறம் சபா கேன்டீனில் போண்டா சாப்பிட்டபடி அடுத்த மருந்தைப் பற்றிப் பேசுவார். கேட்பவருக்குக் கச்சேரி தேவலை என்று தோன்றும்.

மாமாவின் கேள்விக்குப் பதில் இதுதான். மழை விட்ட மறுநாள், மண் இளகியிருக்கும்போது, களை பூத்து விதை தள்ளுவதற்கு முன்னால், களைக்கொத்தியால் கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும். சில வாரம் கழித்து மறுபடியும் எடுக்க வேண்டும். புல்லை மொட்டையடிக்காமல் கொஞ்சம் உயரமாக விட்டால், அடியில் வெயில் படாமல் புது விதைகள் முளைப்பதும் குறையும். இது ஆர்கானிக், செலக்டிவ் இரண்டும். டைல்ஸில் கறையும் விழாது. உங்கள் குடியிருப்பிலும் ஒரு செலக்டிவ் மாமா இருந்தால், அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள்: மருந்துச் செலவை நிறுத்தி, அந்தப் பணத்தைக் களையெடுக்கும் அம்மாவின் கூலியில் சேர்க்க வேண்டும். முன்மொழிய ஆள் இல்லாவிட்டால் மாமியைக் கேளுங்கள்.