கல் மாறினால் கடவுள் மாறுவாரா?

கேள்வி: கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலைச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் திருப்பிக் கட்டினாரே, இது அவருடைய தகப்பனார் கட்டின அதே கோயில்தானா?
- ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: பலகை பலகையாக மாற்றிய தீசியஸின் கப்பலை வைத்துக்கொண்டு கிரேக்கர்களும் இதே கேள்வியில்தான் மண்டையை உடைத்தார்கள். அவர்களிடம் ஒரு ஐயர் இல்லை, அதுதான் பிரச்சினை! நம்மிடம் பாலஸ்தாபனம் இருக்கிறது. வேலை தொடங்குமுன் மூர்த்தியின் சக்தியைக் கும்பத்தில் இறக்கித் தனியிடத்தில் வைப்பார்கள். கும்பாபிஷேகத்தன்று திரும்பக் குடிபுகுவார். வீடு திருத்தி முடியுமட்டும் வாடகைக்கு இருக்கிற உங்கள் ஒழுங்கைக் குடும்பம் மாதிரி. 1907 முதல் 1912 வரை மாறியது சுவர், குடியிருப்பவர் அல்ல.

என்னை உறுத்துவது மறுபக்கம். கொழும்பு நூதனசாலையில் பொலன்னறுவை நடராசர் நிற்கிறார். வெண்கலம் அன்று வார்த்ததேதான். ஆனால் எண்ணெய்க்காப்பு இல்லை, கற்பூரம் இல்லை. பொருள் அதுதான், ஆள் அவர்தானா? 1877இல் இதே கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி (இராமநாதனின் மாமன் மகன்) படிமம் வேடிக்கை பார்க்கச் செய்ததல்ல, வழிபடச் செய்தது என்று வாதாடியவர். உதவாத அழகு அவருக்கு அழகே இல்லை. சொன்னவர் 1917 முதல் முப்பது வருஷம் சம்பளம் வாங்கியது பாஸ்டன் நூதனசாலையில் என்பது வேறு கதை.

போன கிழமை கொழும்பு நூதனசாலையில் ஒரு அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நடராசரைக் கும்பிட்டார். காவலாளி தடுக்கவில்லை. செருப்பை மட்டும் காலால் ஓரமாகத் தள்ளிவைத்தார்.